தேங்காயும் கொக்கோவும்: வீட்டிலேயே செய்யும் சாக்லேட் உருண்டை



அண்மையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம். “சாக்லேட் எதிலிருந்து கிடைக்கிறது?” என்பதுதான் கேள்வி. “கடையிலிருந்து” என்றது ஒரு பிள்ளை. “பாலிலிருந்து” என்றது இன்னொன்று. கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “மிஷினிலிருந்து” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் ‘மரத்திலிருந்து’ என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அந்தப் பிள்ளைகளில் சிலருடைய பாட்டிமார்கள் கொக்கோக் காய் அறுத்தவர்கள், கொட்டை சுமந்தவர்கள், வெயிலில் நின்று அதைக் கிளறிக் காயவைத்தவர்கள். பாட்டியின் கைபட்ட பொருள் பேரனுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆகவே, இன்றைய பேச்சில் ஓர் இனிப்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அதை எப்படிச் செய்வது என்பதையும், அதில் சேரும் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும், எந்த இடத்தில் கவனம் தவறினால் அது கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

அந்த இனிப்பின் பெயர் ‘சாக்லேட் டிரஃபில்’. பெயரைக் கேட்டதும், “இது நமக்கு வேண்டாத தொல்லை” என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சு, இத்தாலி போன்ற நாடுகளில் மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானுக்கு டிரஃபில் என்று பெயர். அது கரடுமுரடாக, மண் ஒட்டிய சிறு உருண்டையாக இருக்கும். சாக்லேட்டை உருட்டிக் கொக்கோத் தூளில் புரட்டினால் அதுவும் அதே தோற்றத்தில் இருக்கிறது. அதனால் அந்தப் பெயர் வந்தது. மற்றபடி இந்த இனிப்பில் காளான் எதுவும் இல்லை. நம் வீட்டில் தீபாவளிக்கு ரவா உருண்டை பிடிக்கிறோம் அல்லவா? அதற்கு ஒரு தங்கை என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பாகு காய்ச்சும் நேரம் பத்து நிமிடம். உருட்டும் நேரம் கால்மணி. ‘அவன்’ அடுப்பு தேவையில்லை; பொரிப்பதும் இல்லை.

முதலில் கொக்கோவைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வோம்.

கொக்கோ மரத்தின் சொந்த இடம் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆகிய பகுதிகளின் வெப்பக் காடுகள். மெக்சிகோப் பகுதியில் வாழ்ந்த மாயர்களும் அஸ்டெக் மக்களும் அதன் கொட்டையை வறுத்து அரைத்து, நீரில் கரைத்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தார்கள். அதில் சீனி கிடையாது. கசப்புப் பானந்தான், சில வேளைகளில் மிளகாயும் சேர்ப்பதுண்டு. 1828ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் கொட்டையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறையைக் கண்டார்கள். கொழுப்பைப் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் கிடைப்பதுதான் கொக்கோத் தூள். 1875ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் என்பவர் கெட்டிப்பாலைச் சேர்த்துப் பால் சாக்லேட் செய்தார். கெட்டிப்பால் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். நம் உருண்டைக்கும் அதுதான் ஆதாரம்.

நம் நாட்டில் 1950களில் திரங்கானு மாநிலத்தின் ஜெராங்காவில் கொக்கோ பெரிய அளவில் பயிரிடப்பட்டது. பிறகு சபாவிலும், தீபகற்பத்தின் தென்னந்தோப்புகளிலும் அது பரவியது. கொக்கோவுக்கு நிழல் வேண்டும். தென்னைக்குக் கீழே நிழலும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. அதனால் பாகான் டத்தோ போன்ற தென்னை வட்டாரங்களில் மேலே தேங்காயும் கீழே கொக்கோவுமாக ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல் எடுத்தார்கள். 1989ஆம் ஆண்டு வாக்கில் நாடெங்கும் நான்கு இலட்சம் ஹெக்டருக்கும் அதிகமான நிலத்தில் கொக்கோ நின்றது. அதன்பின் விலை வீழ்ந்தது. காய்த் துளைப்பான் என்னும் பூச்சி காய்க்குள் புகுந்து கொட்டைகளை ஒட்டிப்போகச் செய்தது. பல தோட்டங்கள் கொக்கோவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டன. இன்று இங்கே எஞ்சி நிற்பது அன்றிருந்ததில் மிகச் சிறு பங்குதான். ஆயினும் கொட்டையை அரைத்துத் தூளாகவும் கொழுப்பாகவும் பிரிக்கும் ஆலைகள் நம் நாட்டில் நிறைய உண்டு. அவற்றுக்கு வேண்டிய கொட்டையில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த 1980களில் எங்கள் அம்மா கொக்கோ வேலைக்குப் போனார். கொக்கோக் காய் கிளை நுனியில் காய்ப்பதில்லை. அடிமரத்திலும் பருத்த கிளையிலும் ஒட்டினாற்போல் தொங்கும். பூத்துக் காய்த்துப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். பழுத்ததை அறுத்து, உடைத்து, உள்ளே வெள்ளைச் சதையோடு இருக்கும் முப்பது, நாற்பது கொட்டைகளை வழித்தெடுப்பார்கள். ஒரு கிலோ காய்ந்த கொட்டை கிடைக்க இருபது முதல் முப்பது காய்கள்வரை உடைக்க வேண்டும். அந்த வெள்ளைச் சதை புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவோம். பச்சைக் கொட்டையைக் கடித்தால் வாயெல்லாம் கசப்பு. சாக்லேட்டின் மணம் அதில் துளியும் இராது.

அப்படியானால் அந்த மணம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நம் மக்களின் உழைப்பு இருக்கிறது. வழித்த கொட்டையை மரப் பெட்டிகளில் குவித்து மூடி, ஐந்து முதல் ஏழு நாள்வரை புளிக்க வைப்பார்கள். இடையிடையே கிளறிவிடுவார்கள். தோசை மாவு புளிப்பதுபோலத்தான் இதுவும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சதையிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயமாகவும், பிறகு காடியாகவும் மாற்றும். குவியலின் சூடு கைவைக்க முடியாதபடி ஏறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் கொட்டை முளைக்கும் திறனை இழந்து, அதனுள்ளே பல மாறுதல்கள் நடக்கின்றன. பின்னர் வெயிலில் காயவைத்து, ஆலையில் வறுக்கும்போதுதான் நாம் அறிந்த சாக்லேட் மணம் எழுகிறது. புளிக்கவைக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் அந்த மணம் சரியாக வராது. ஆகவே, சாக்லேட்டின் சுவை ஆலையில் தொடங்குவதில்லை. தோட்டத்துப் பெட்டியில் தொடங்குகிறது.

இனி, இனிப்புக்கு வருவோம். பென்சிலும் தாளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இருபத்தைந்து உருண்டைகளுக்கு உரிய அளவைச் சொல்கிறோம்.

சீனி போட்ட கெட்டிப்பால், 500 கிராம் டின்னில் பாதி. இனிப்புச் சேராத கொக்கோத் தூள், குவியல் இல்லாமல் தட்டிய 3 மேசைக்கரண்டி. மார்ஜரின் அல்லது வெண்ணெய், 1 மேசைக்கரண்டி. நடுத்தரத் தேங்காயில் ஒரு மூடி. உப்பு, ஒரு சிட்டிகை. இவ்வளவுதான்.

ஒவ்வொன்றையும் பற்றி ஒரு சொல் சொல்லிவிடுகிறோம். கொக்கோத் தூள் வாங்கும்போது, சூடான நீரில் கலக்கிக் குடிக்கும் மால்ட் பானத் தூளை வாங்கிவிடாதீர்கள். அதில் மால்ட்டும் சீனியும் அதிகம், கொக்கோ குறைவு. உருண்டை தித்திப்பாக இருக்குமே தவிர சாக்லேட்டாக இராது. பொட்டலத்தின் மேல் உட்பொருள்களைப் படித்துப் பாருங்கள். கொக்கோ ஒன்று மட்டும் இருக்க வேண்டும். கெட்டிப்பால் என்ற பெயரில் நம் கடைகளில் கிடைப்பவற்றில் பல, ‘கிரிமர் மானிஸ்’ என்று அச்சிட்டவை. அவற்றில் பால்கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்ந்திருக்கும். இந்த இனிப்புக்கு அதுவும் போதும். மார்ஜரினும் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் ஆனதுதான். ஆக, நீங்கள் காலையில் வெட்டிப் போடும் குலை, சுற்றிச் சுற்றி உங்கள் குவாலிக்கே வந்து சேருகிறது.

இனித் தேங்காய். இந்த இனிப்பில் எளிதானதும் அதுதான். ஆளைக் கவிழ்ப்பதும் அதுதான். நாங்கள் பட்டதைச் சொன்னால் உங்களுக்குப் பாடமாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளியில் திங்கட்கிழமை நடக்கவிருந்த விற்பனைக்காகச் சனிக்கிழமை இரவே இருநூறு உருண்டைகளைப் பிடித்து வைத்தோம். தேங்காயைத் துருவி அப்படியே சேர்த்துவிட்டோம். பார்வைக்கு மிக அழகாக இருந்தன. டப்பாவில் அடுக்கி மூடி, மேசைமேல் வைத்தோம். திங்கட்கிழமை காலை மூடியைத் திறந்தபோது புளித்த நாற்றம் வந்தது. உருண்டைகள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இருநூறையும் குழிவெட்டிப் புதைத்தோம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. மூடியைத் திறந்து பார்க்காமல் பிள்ளைகளுக்கு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று முழுவதும் மனம் சரியில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? கெட்டிப்பால் டின்னைத் திறந்து வைத்தாலும் பச்சைப்பாலைப் போல் உடனே கெடுவதில்லை. அதிலுள்ள மிகுதியான சீனி, நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீர் கிடைக்காததால் நுண்ணுயிர்கள் பெருக முடிவதில்லை. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இங்கே சீனி செய்கிறது. ஆனால் புதுத் தேங்காயில் ஏறக்குறையப் பாதி எடை நீர். அதைத் துருவிப் போட்டால், சீனி பிடித்து வைத்த அளவுக்கு மேலாக நீர் வந்து சேர்கிறது. நம் நாட்டு வெக்கையும் துணை நிற்கிறது. நுண்ணுயிர்களுக்கு விருந்து வைத்தாற்போலத்தான். தேங்காய்ச் சட்டினி மாலைக்குள் கெட்டுப்போவதும், வறுத்த தேங்காய்ப் பொடி பல நாள் நிற்பதும் நம் தாய்மார்கள் அறிந்ததே. அதே பாடம் இனிப்புக்கும் பொருந்தும் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம்.

ஆகவே, தேங்காயை வறுத்தே சேர்க்க வேண்டும். முதலில் நல்ல காயாகத் தேர்ந்தெடுங்கள். ஆட்டினால் தண்ணீர் அசையும் ஒலி கேட்க வேண்டும். உடைத்ததும் முகர்ந்து பாருங்கள். வழுக்கையும் வேண்டாம், எண்ணெய் நாற்றம் அடிக்கும் முற்றல் காயும் வேண்டாம். ஈரத்தில் கிடந்த பழைய கொப்பரை அறவே கூடாது. தேங்காய்க் கொழுப்பு ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் சிதையும்போது லாரிக் அமிலம் பிரிந்து நிற்கும். அதைத் தின்றால் வாயில் சவர்க்காரம் கரைந்ததுபோல் இருக்கும்; எவ்வளவு கொக்கோ போட்டாலும் அந்தச் சுவை மறையாது.

மூடியை வெள்ளையாக மட்டும் துருவுங்கள். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல்வரை சுரண்ட வேண்டாம். காய்ந்த குவாலியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் ஆவி வரும்; பிறகு ஆவி அடங்கும்; கிளறும்போது சரசரவென்று ஒலி கேட்கும்; நிறம் இலேசாகப் பொன்னாகும். அதுதான் பதம். பத்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். சிவக்கவிட்டால் கசந்துவிடும். இறக்கித் தட்டில் பரப்பி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மூடி வைத்தால் ஆவி நீராகி மறுபடி ஈரமாகிவிடும். வறுத்ததில் மூன்றில் ஒரு பங்கைப் புரட்டுவதற்காகத் தனியே எடுத்து வையுங்கள். தேங்காய் துருவ நேரமில்லாதவர்கள் கடையில் விற்கும் காய்ந்த தேங்காய்ப்பூவை ஒரு கோப்பை அளவு வாங்கிக்கொள்ளலாம். அதில் நீர் மிகவும் குறைவு. அதையும் ஓரிரு நிமிடம் வாட்டிச் சேர்த்தால் மணம் கூடும்.

அடுத்து, பாகு. குவாலியைத் துடைத்துவிட்டுக் கெட்டிப்பாலை ஊற்றுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கொக்கோத் தூளைச் சலித்துப் போட்டு, கட்டியில்லாமல் கலக்குங்கள். சூடான பாலில் தூளைக் கொட்டினால், வெளிப்புறம் நனைந்து உட்புறம் காய்ந்த கட்டிகள் உருவாகும். பிறகு எவ்வளவு மசித்தாலும் கரையா. நிறம் ஒன்றானபின் மார்ஜரினையும் உப்பையும் போட்டுச் சிறு தீயில் ஏற்றுங்கள். மரக்கரண்டியால் அடியை உரசிக் கிளறிக்கொண்டே இருங்கள். இந்த எட்டு, பத்து நிமிடமும் வேறு வேலைக்குப் போகக்கூடாது. சீனியும் பாலும் சேர்ந்த எதுவும் அடியில் நொடியில் பிடித்துவிடும்.

பதம் பார்ப்பது எப்படி? கரண்டியால் குவாலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். பாகு உடனே வந்து மூடிக்கொண்டால் இன்னும் பதமாகவில்லை. அடி தெரிந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்வரை கோடு அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது. குவாலியைச் சாய்த்தால் பாகு முழுவதும் ஒரே திரளாகச் சறுக்கி வரும். உடனே இறக்கிவிடுங்கள். அதற்குமேல் காய்ச்சினால் ஆறியபின் மிட்டாய்போல் இறுகிப் பல்லில் ஒட்டும். முன்னதாக இறக்கினால் உருட்ட வராது. அப்படி இளகிப்போனால் கவலை வேண்டாம். திரும்ப அடுப்பில் ஏற்றி இரண்டு நிமிடம் கிளறினால் சரியாகிவிடும். இறுகிப்போனதைத் திருத்துவதுதான் கடினம்.

இறக்கியதும் வறுத்த தேங்காயைக் கொட்டிக் கலந்து, மார்ஜரின் தடவிய தட்டில் பரப்புங்கள். முக்கால் மணி நேரம் ஆறட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் பாகு தோலில் பட்டால் தண்ணீரைப்போல் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டே சுடும். ஆகவே அடுப்பு வேலை பெரியவர்களுக்கே உரியது. பாகு ஆறியபின் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, நன்றாகத் துடைத்து, உள்ளங்கையில் துளி மார்ஜரின் தடவிக்கொண்டு, ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து உருட்டச் சொல்லுங்கள். பாதியை வறுத்த தேங்காயிலும், பாதியைக் கொக்கோத் தூளிலும் புரட்டினால் தட்டில் இரண்டு நிறமாக அழகாக இருக்கும்.

இதைப்போன்ற ஓர் இனிப்பைப் பிரேசில் நாட்டு மக்களும் 1940கள் முதல் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் செய்துவருகிறார்கள். அவர்கள் அதை ‘பிரிகடேரோ’ என்கிறார்கள். அங்கும் கெட்டிப்பால், கொக்கோத் தூள், வெண்ணெய் என்ற மூன்றுதான் சரக்கு. அதுவும் நம்மைப்போல் வெப்ப நாடு. அங்கே இந்த முறை வேரூன்றியதற்கும் நமக்கு இது ஏற்றதாக இருப்பதற்கும் காரணம் உண்டு.

கட்டிச் சாக்லேட்டின் உடல் கொக்கோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 பாகை செல்சியசில் உருகும். நம் உடல் சூடு 37 பாகை. அதனால்தான் சாக்லேட் வாயில் வைத்ததும் கரைகிறது. தகரக் கூரை போட்ட வீட்டில் நண்பகல் வெக்கையும் அந்த 34ஐ எட்டிவிடும். ஆகவே, வாய்க்குப் போகும் முன்பே அது கையில் கரைந்துவிடுகிறது. மேல்நாட்டார் செய்யும் டிரஃபில், உருக்கிய சாக்லேட்டில் பாலேடு சேர்த்துச் செய்வது. அது நம் வீட்டு மேசையில் நிற்காது. நாம் சொன்ன உருண்டையோ கொக்கோ வெண்ணெயை நம்பி நிற்கவில்லை. சுண்டக் காய்ச்சிய பாலையும் சீனியையும் நம்பி நிற்கிறது. நடுப்பகலிலும் உருவம் குலையாது.

குளிர்பெட்டி உள்ளவர்கள் அந்த மேல்நாட்டு முறையையும் ஒருமுறை செய்து பார்க்கலாம். பாலேட்டுக்குப் பதில் நம் தேங்காய்ப்பாலே போதும். 200 கிராம் கறுப்புச் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, ஒரு பாத்திரத்தில் வையுங்கள். 100 மில்லி லிட்டர் கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொதி வரும்வரை சூடாக்கி, அதன்மேல் ஊற்றி, மூன்று நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெல்லக் கலக்குங்கள். குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்து உருட்டலாம். தின்னும்வரை குளிர்பெட்டியிலேயே இருக்க வேண்டும். இதில் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. சாக்லேட்டைத் தனியே உருக்கும்போது ஈரக் கரண்டியை விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட் திரிதிரியாக இறுகிவிடும். அதிலுள்ள சீனித் துகள்கள் அந்தச் சொட்டு நீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். நூறு மில்லி பால் ஊற்றினால் கெடாதது, ஒரு சொட்டு நீரில் ஏன் கெடுகிறது என்று கேட்பீர்கள். மாவில் சிறிது நீர் தெளித்தால் கட்டிபிடிக்கும். நிறைய ஊற்றினால் கரையும். அதே கதைதான் இங்கும்.

சரி, செய்த உருண்டையை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? தேங்காயை நன்றாக வறுத்துச் சேர்த்திருந்தால், இறுக மூடிய டப்பாவில், வெளியே இரண்டு நாள்; குளிர்பெட்டியில் ஒரு வாரம். அதற்குமேல் வைக்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது என்பது வேறு விஷயம். எறும்புக்கு அஞ்சினால், டப்பாவை ஒரு தட்டுத் தண்ணீரின் நடுவே கிண்ணம் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். விற்பனைக்குச் செய்பவர்கள் செய்த தேதியைத் தாளில் எழுதிப் பொட்டலத்தில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் விற்காதீர்கள். எங்கள் இருநூறு உருண்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியச் சமூகத்தில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு நீரிழிவு இருந்தது. நாம் சொன்ன ஓர் உருண்டையில் ஒரு தேக்கரண்டிக்குக் குறையாத சீனி உண்டு. பிள்ளைக்கு ஒருநாளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். சீனி வியாதி உள்ள பெரியவர்களுக்குத் தட்டோடு நீட்டாதீர்கள். வெறுங்கொக்கோ கசப்பானது என்பதால் தித்திப்பு நாக்கில் குறைவாகத் தெரியும். ஆனால் சீனி குறைவாக இருப்பதாக அதற்குப் பொருளில்லை. இது அன்றாடத் தீனி அல்ல. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் உரிய பலகாரம். வேண்டுமானால் கொக்கோத் தூளை நான்கு கரண்டியாக்கி, உருண்டையைச் சிறிதாகப் பிடியுங்கள்.

இரண்டாம் முறை நாங்கள் தேங்காயை வறுத்துச் செய்தபோது, முதல் உருண்டையை எங்கள் அம்மாவிடம் கொடுத்தோம். அவர் உடனே வாயில் போடவில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்தார். “அட, இது நம்ம கொட்டை வாசமாச்சே!” என்றார். பதினான்கு ஆண்டுகள் அவர் அந்த வாசத்தில் நின்று வேலை செய்தவர். முன்பே சாக்லேட் தின்றிருக்கிறார். பெருநாளுக்கு யாராவது கொடுத்தது உண்டு. ஆனால் கொட்டைக் குவியலின் வாசமும் கடைச் சாக்லேட்டின் வாசமும் ஒன்று என்று அவருக்கு அதுவரை தோன்றியதில்லை. யாரும் சொன்னதும் இல்லை. மென்று விழுங்கிவிட்டு, “இதுக்குத்தானா அப்படிக் கிளறச் சொன்னாங்க?” என்று கேட்டார். ஆம், அதற்குத்தான் என்றோம். பிறகு அவரே பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காய் அறுப்பதிலிருந்து காயப்போடுவதுவரை ஒருமணி நேரம் கதை சொன்னார். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் நாம் படிக்காத பாடம் அது.

நேயர்களே, சாக்லேட் என்றால் பளபளப்பான தாளில் சுற்றி, எங்கோ குளிர் நாட்டில் பிறந்து வருவது என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். கொக்கோவும் தேங்காயும் செம்பனையும் வெப்ப நிலத்து விளைச்சல். அவற்றை விளைவித்த கைகள் நம் கைகள். விளைவித்தவருக்கு அதன் சுவையும் தெரியவேண்டும். அந்தச் சுவை எப்படி உண்டாகிறது என்பதும் தெரியவேண்டும். வேலை செய்தவருக்கு வேலையின் பொருள் தெரியாமல் இருப்பது, கூலி பாதி கிடைக்காததைப் போன்றதே.

வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். தேங்காயை அப்பா உடைக்கட்டும், அம்மா பாகு காய்ச்சட்டும், பிள்ளைகள் உருட்டட்டும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ கொக்கோ வேலை செய்தவராக இருந்தால், உருட்டும் நேரத்தில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வேலையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தமுறை ஆசிரியர் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டால், “மரத்திலிருந்து, எங்கள் பாட்டி அறுத்த காயிலிருந்து” என்று உங்கள் பிள்ளை எழுந்து சொல்லட்டும்.